உங்களுக்குத் தெரியுமா? வேகம் பழகும் விதம்

கடைசி 20 மீட்டரில் போல்ட்டும் தளர்ந்தார்

2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. அந்த ஓட்டத்தை 20 மீட்டர் துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள். முதல் 20 மீட்டருக்கு 2.89 விநாடி. 60-க்கும் 80-க்கும் இடையே 1.61 விநாடி, அதாவது மணிக்கு 44.7 கிலோமீட்டர். கடைசி 20 மீட்டருக்கு 1.66. உலகின் அதிவேக மனிதரும் முடிவுக்கோட்டை நெருங்கும்போது தளரத்தான் செய்கிறார். டிவியில் கடைசி நேரத்தில் ஒருவர் பாய்ந்து முந்துவதுபோல் தெரிகிறதே, அவர் வேகம் கூட்டுவதில்லை. மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்கிறார், அவ்வளவுதான்.

இதனால்தான் நல்ல கோச்சுகள் 100 மீட்டரை ஒரே ஓட்டமாகப் பார்ப்பதில்லை. கிளம்பி வேகம் பிடிப்பது, உச்ச வேகத்தில் ஓடுவது, பிடித்த வேகத்தை விடாமல் முடிப்பது என்று மூன்றாகப் பிரித்து, தனித்தனியாகப் பழக்குகிறார்கள்.

காலை வீசுவதில் இல்லை, தரையை உதைப்பதில் இருக்கிறது

வேகமாக ஓடுபவர் காலை வேகமாக முன்னே வீசுகிறார் என்றுதான் நமக்குத் தோன்றும். அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் வெயாண்டும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. உச்ச வேகத்தில் ஓடும்போது, காலைத் தூக்கி மறுபடி முன்னே கொண்டுவர எடுக்கும் நேரம் வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு தரையில் இருக்கிறது. வேகமானவர் தரையை அதிக விசையோடு உதைக்கிறார். அதையும் மிகக் குறைந்த நேரத்தில் செய்து முடிக்கிறார். உலகத்தரமான ஓட்டக்காரரின் பாதம் உச்ச வேகத்தில் தரையில் இருப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விநாடி மட்டுமே.

இது தெரிந்தால் பயிற்சியின் திசையே மாறிவிடும். ‘காலை வேகமா ஆட்டு’ என்று கத்துவதை விட்டுவிட்டு, தொடை, இடுப்பு, கணுக்கால் ஆகியவற்றின் பலத்தைக் கூட்டவும், பாதம் விழும் இடத்தைச் சரிசெய்யவும் கோச் நேரம் ஒதுக்குவார். பாதம் உடலுக்கு வெகு முன்னால் போய் விழுந்தால் ஒவ்வொரு அடியும் பிரேக் ஆகிவிடும்.

195 செ.மீ.யும் 152 செ.மீ.யும்

போல்ட்டின் உயரம் 195 செ.மீ. பெர்லினில் அவருக்கு 100 மீட்டருக்கு 41 அடிகளே தேவைப்பட்டன. அதே ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் 152 செ.மீ. உயரம்தான். 2008-லும் 2012-லும் ஒலிம்பிக் 100 மீட்டர் தங்கம் வென்றார். உலக சாம்பியன் பட்டம் ஐந்து முறை. ஒருவர் நீண்ட அடி, மற்றவர் அடுக்கடுக்கான குறுகிய அடி. ‘உயரம் போதாது’ என்று சொல்லி ஓட்டப்பந்தயத் தேர்விலிருந்து ஒரு சிறுமியைத் திருப்பி அனுப்ப எந்த ஆசிரியருக்கும் காரணம் கிடையாது.

31 வயதில் ஆசிய சாதனை

சீனாவின் சு பிங்டியான் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சுமார் 172 செ.மீ. உயரம். 10 விநாடிக்குள் ஓட முடியாமல் தேங்கியிருந்தபோது, யாரும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தார். ஸ்டார்ட்டிங் பிளாக்கில் முன்னே வைக்கும் காலையே மாற்றிக்கொண்டார். இத்தனை ஆண்டுகளாக உடம்பில் ஊறிய பழக்கத்தைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அந்த மாற்றம் கை கொடுத்தது. 2015 மே மாதம் அமெரிக்காவின் யூஜீனில் 9.99.

அதோடு நிற்கவில்லை. பின்னர் ராண்டி ஹன்டிங்டன் என்ற அமெரிக்கக் கோச்சிடம் சேர்ந்தார். 1991-இல் 8.95 மீட்டர் தாண்டி இன்றுவரை முறியடிக்கப்படாத நீளம் தாண்டுதல் சாதனை படைத்த மைக் பவலைப் பழக்கியவர் இவர். முதல் சில அடிகளில் தரையைத் தள்ளும் கோணம், உடல் நிமிரும் நேரம், ஒவ்வொரு அடியின் விசை என எல்லாவற்றையும் அளந்து திருத்தினார்கள். 2021 ஆகஸ்ட் 1, டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதி: 9.83 விநாடி, ஆசிய சாதனை. அப்போது அவருக்கு வயது 31. அந்த ஓட்டத்தில் முதல் 60 மீட்டரை அவர் 6.29 விநாடியில் கடந்தார். பெர்லினில் போல்ட் 60 மீட்டரைக் கடந்தது 6.31-இல்!

தெற்காசியாவிலும் 10-க்குள்

இலங்கையின் யுபுன் அபேகோன் 2022 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் 100 மீட்டரை 9.96 விநாடியில் ஓடினார். தெற்காசியாவில் 10 விநாடிக்குக் கீழே ஓடிய முதல் வீரர் அவர். பயிற்சி எடுத்தது இத்தாலியில்.

பத்து மீட்டருக்கு ஒரு நிமிடம்

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். முழு வேகத்தில் ஓடும்போது தசைக்கு உடனடி எரிபொருளாக இருப்பது, அதற்குள்ளேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் பாஸ்போகிரியேட்டின். அது பத்து விநாடிக்குள் பெருமளவு கரைந்துவிடும். மறுபடி நிரம்பச் சில நிமிடங்கள் பிடிக்கும். நரம்பு மண்டலமும் தெளிந்து வரவேண்டும். அதனால் வேகப் பயிற்சிக்குக் கோச்சுகள் வைத்திருக்கும் கைக்கணக்கு: ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு நிமிட ஓய்வு. 60 மீட்டர் முழு மூச்சாக ஓடினால் ஆறு நிமிடம் நடந்தபடி காத்திருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த ஓட்டமும் முதல் ஓட்டத்தின் வேகத்தில் இருக்கும்.

நம் பள்ளி மைதானங்களில் நடப்பது நேர் எதிர். எந்த விளையாட்டாக இருந்தாலும் முதலில் ‘கிரவுண்டை நாலு ரவுண்டு சுத்திட்டு வா’. பிறகு மூச்சு வாங்கும்போதே ‘இன்னொரு தடவை ஓடு’. பிள்ளை வியர்வையில் நனைந்து மண்ணில் உட்கார்ந்தால்தான் பயிற்சி நடந்ததாகத் திருப்தி. அந்தப் பயிற்சியில் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும், வேகம் வளராது. களைத்த கால் மெதுவாக ஓடுகிறது. மெதுவாக ஓடியதையே உடல் பழகிக்கொள்கிறது. ஐந்தாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிடக் கண்ணுக்குத் தெரிந்து மந்தமாகிவிட்டால், அன்றைய வேகப் பயிற்சி முடிந்தது என்று அர்த்தம். வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

பெட்டியிலிருந்து இறங்கி, எகிறு

வெடிப்புத் திறனுக்கான பயிற்சிகளில் உலகம் முழுவதும் பரவியது பிளையோமெட்ரிக்ஸ். அதன் கருவை 1960-களில் சோவியத் நாட்டில் உருவாக்கியவர் யூரி வெர்கோஷான்ஸ்கி. தாண்டுதல் வீரர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சி, பார்ப்பதற்கு மிக எளியது. வீரர் ஒரு பெட்டியின் மேல் நிற்கிறார். குதிப்பதில்லை, ஒரு காலை முன்னே நீட்டி அப்படியே இறங்குகிறார். இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றன. தொட்ட அதே கணத்தில் மேலே எகிறுகிறார். பயிற்சியின் உயிர், தொட்டதற்கும் எகிறியதற்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடைவெளியில்தான் இருக்கிறது.

இறங்கும்போது கெண்டைக்காலும் தொடையும் இழுபடுகின்றன. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் உண்டிவில்லின் ரப்பர்போல விசையைத் தேக்கி வைக்கிறது. உடனே எகிறினால் அந்த விசை திரும்பக் கிடைக்கும். தரையில் அமுங்கி, யோசித்து, பிறகு எகிறினால் வெப்பமாக வீணாகிவிடும். அதனால் அனுபவமுள்ள கோச் எகிறும் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை, சத்தத்தையும் கேட்கிறார். குறுகலான ஒற்றைத் ‘டப்’ என்றால் சரி. குதிகால் மோதி, முழங்கால் ஆழமாக மடங்கி, இழுவையாகச் சத்தம் வந்தால் பெட்டி அந்த வீரருக்கு அதிக உயரம். உடனே குறைக்க வேண்டும். பெரியவர்களே இதைச் சில முறைதான் செய்வார்கள். நூறு, இருநூறு என்று எண்ணிக்கை ஏற்றுவது முழங்காலைக் கெடுக்கும் வேலை.

நொண்டி, பாண்டி, ஸ்கிப்பிங்

பிள்ளைகளுக்குப் பெட்டி எதற்கு? ஒற்றைக் காலில் நொண்டியடித்துத் துரத்துவதும், கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவதும், பச்சைக்குதிரை தாண்டுவதும், கயிறு சுழற்றிக் குதிப்பதும் அதே வகைப் பயிற்சிதான். கணுக்காலும் தசைநாணும் சிறுகச் சிறுக உறுதிப்படும். ஓட்டப் பயிற்சிக்கு வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் வருடம் முழுவதும் இவற்றையே விதவிதமாகக் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை.

மரபணு சொல்வதும் சொல்லாததும்

தசை இழைகளில் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் உழைப்பவை உண்டு. சட்டென்று சுருங்கி விரைவில் களைப்பவை உண்டு. குறுந்தொலைவு ஓட்டத்துக்கு இரண்டாம் வகை வேண்டும். அந்த வேக இழைகளில் மட்டும் இருக்கும் ஒரு புரதத்தை ஆக்டிஎன்-3 என்ற மரபணு தீர்மானிக்கிறது. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்தப் புரதம் இல்லை. முன்னணிக் குறுந்தொலைவு வீரர்களில் அப்படிப்பட்டவர்கள் அரிது. ஆனால் அந்தப் புரதம் உள்ள கோடானு கோடிப் பேர் பஸ்ஸைக்கூடத் துரத்திப் பிடிப்பதில்லை. எச்சில் பரிசோதனை செய்து பிள்ளையின் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யாராவது விற்க வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வேலூர் மேடையில் கற்ற வெடிப்பு

வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் ஆகிய இரு காமன்வெல்த் போட்டிகளிலும் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். கிளாஸ்கோவில் ஸ்னாட்ச் முறையில் அவர் தூக்கியது 149 கிலோ. இதைத் தோள்பலம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பி முழங்காலைத் தாண்டியதும் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் நிமிர்கின்றன. அந்தத் தள்ளலில் கம்பி மேலேறும்போதே வீரர் அதற்கு அடியில் புகுந்துவிடுகிறார். மெதுவாகச் செய்தால் ஸ்னாட்ச் நடக்கவே நடக்காது.

ஓடக் கிளம்பும் வீரருக்கும், தாண்டக் கிளம்பும் வீரருக்கும் தேவை அதே மூன்று மூட்டுகளின் ஒன்றிணைந்த நிமிர்வு. ஆகவேதான் ஓட்டக்காரர்கள் எடை தூக்கும் மேடைக்குப் போகிறார்கள். விசையும் வேகமும் சேர்ந்தால்தான் திறன். மிக அதிக எடையை மெதுவாகத் தூக்கும் பவர்லிஃப்டிங்கில் வெளிப்படும் திறனைவிட, ஸ்னாட்ச்சில் வெளிப்படும் திறன் அதிகம்.

எடை தூக்கினால் வளர்ச்சி நிற்குமா?

நிற்காது. நல்ல மேற்பார்வையில், முறை தெரிந்து, வயதுக்கேற்ற எடையோடு செய்யும் பயிற்சி பிள்ளைகளின் உயரத்தைக் குறைப்பதாக ஆதாரம் இல்லை. முதலில் வெறும் கம்போடு பழகட்டும்.

பின்னங்காலில் வேகம், முன்னங்காலில் வெடிப்பு

2003 உலகக் கோப்பையில் கேப்டவுனில் இங்கிலாந்துக்கு எதிராக ஷோயப் அக்தர் வீசிய ஒரு பந்து மணிக்கு 161.3 கிலோமீட்டர். வேகப்பந்து வீச்சாளருக்குத் தோள்தான் முக்கியம் என்று நினைப்போம். ஓடிவரும் வேகத்தைப் பந்துக்கு மாற்றித் தருவது முன்னங்கால். அது கிரீஸில் விழும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு விசை அதன்மேல் இறங்குகிறது. முழங்கால் மடங்கிக் கொடுத்தால் வேகம் அங்கேயே கரைந்துவிடும். விறைப்பாக நின்று தாங்கினால் உடலின் மேல்பாதி அதைத் தாண்டி முன்னே சாய்ந்து, அந்த வேகம் கையில் வந்து சேரும். அவ்வளவு விசையைத் தாங்க தொடையும் இடுப்பும் முதுகும் தயாராக இல்லாத இளைஞர்களுக்குத்தான் முதுகெலும்பில் விரிசல் வருகிறது.

இந்தக் கலைக்கென்றே சென்னையில் 1987-இல் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி நீண்ட காலம் அங்கே பழக்கினார். அவருக்குப் பின் 2012-இல் கிளென் மெக்ரா வந்தார். வேகப்பந்து வீச ஆசைப்பட்டு அங்கே போன ஒரு பையனை, பேட்டிங்கைக் கவனி என்று லில்லி திருப்பி அனுப்பினார். பையனின் பெயர் சச்சின் டெண்டுல்கர்.

நிற்கத் தெரிந்தவரே திரும்புவார்

கிரிக்கெட்டில் ஒரு கிரீஸிலிருந்து இன்னொரு கிரீஸுக்கு 17.68 மீட்டர். இரண்டு ரன் எடுக்கும்போது தோற்பதும் ஜெயிப்பதும் நேர் ஓட்டத்தில் இல்லை, திரும்பும் இடத்தில் இருக்கிறது. நன்றாகத் திரும்புபவரைக் கவனியுங்கள். கடைசி மூன்று நான்கு அடிகளைச் சிறிதாக்குகிறார். இடுப்பைத் தாழ்த்துகிறார். மட்டையைக் கோட்டுக்குள் நீட்டித் தேய்க்கிறார். பந்து இருக்கும் பக்கம் பார்த்தபடி திரும்புகிறார். நிமிர்ந்தபடியே ஓடிவந்து திரும்புபவர் இரண்டு அடி கூடுதலாக வைத்துத் தடுமாறுகிறார்.

ஓடும் வேகத்தைச் சட்டென்று குறைப்பது தனித் திறமை. அதற்குத் தொடையின் முன்தசை நீண்டபடியே தாங்க வேண்டும். ஓடப் பழக்கும் எத்தனை பேர் நிற்கப் பழக்குகிறோம்? பத்து மீட்டர் ஓடி, கோட்டுக்குள் இரண்டே அடியில் நில் என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் கோட்டைத் தாண்டிப் போவார்கள்.

சுறுசுறுப்புக்குக் கண்ணும் வேண்டும்

கூம்பு வைத்து அதைச் சுற்றி ஓடுவதைச் சுறுசுறுப்புப் பயிற்சி என்கிறோம். அது பாதிதான். எங்கே திரும்ப வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தால் அது திசை மாற்றம் மட்டுமே. எதிரே நடப்பதைப் பார்த்து, முடிவெடுத்து, அதற்கேற்ப உடலை மாற்றுவதையே விளையாட்டு அறிவியல் சுறுசுறுப்பு என்று கணக்கில் எடுக்கிறது.

கபடியைப் பாருங்கள். ரெய்டுக்குப் போனவருக்கு 30 விநாடி. எதிரே அதிகபட்சம் ஏழு பேர். கார்னரில் நிற்பவர் கணுக்காலைக் குறிவைத்துக் குனிகிறார். கவரில் நிற்பவர்கள் கைகோத்துச் சங்கிலியாகக் காத்திருக்கிறார்கள். ரெய்டர் அவர்கள் கைகளைப் பார்த்து நகர்ந்தால் ஏமாந்துபோவார். கை பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும். உடலின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது மட்டும் பொய் சொல்லாது. அனுபவசாலி இடுப்பையும் பாதத்தையும் பார்க்கிறார். அந்தக் கண், கூம்பைச் சுற்றி ஓடி வராது. எதிரே ஆள் நிற்க வேண்டும்.

கோ-கோவின் விதி

கோ-கோவில் துரத்துபவர் ஒரு திசையில் கிளம்பிவிட்டால் கம்பத்தைத் தொடும்வரை திரும்பக் கூடாது. நடுக்கோட்டையும் தாண்டக் கூடாது. ஓடுபவருக்கோ இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடையே நெளிந்து நெளிந்து போகலாம். துரத்துபவர் ‘கோ’ கொடுத்து வேறொருவரை எழுப்பியாக வேண்டும். உட்கார்ந்த நிலையிலிருந்து வெடித்துக் கிளம்புவது, ஒரே கணத்தில் முடிவெடுப்பது, குனிந்தபடி திசை மாற்றுவது என மூன்றும் ஒரே ஆட்டத்தில். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையை இந்திய ஆண்களும் பெண்களும் வென்றார்கள்.

யாழ்ப்பாணத்தில் தாச்சி என்றும், தமிழ்நாட்டில் கிளித்தட்டு என்றும் ஆடப்படும் ஆட்டமும் இதே இனம். கோட்டில் நின்று மறிப்பவரை ஏமாற்றிக் கடக்க வேண்டும். சுண்ணாம்புக் கோடும் பத்துப் பிள்ளைகளும் போதும். இதைப் பாடவேளையிலிருந்து விரட்டிவிட்டு, விலை கொடுத்து வாங்கிய உபகரணங்களால் சுறுசுறுப்பைக் கற்றுத்தர முயல்வது எனக்குப் பெரிய வருத்தம்.

ஏணிப் பயிற்சி

தரையில் நைலான் ஏணியை விரித்து அதற்குள் காலை மாற்றி மாற்றி வைக்கும் வீடியோக்கள் செல்போனில் நிறைய வருகின்றன. கால் ஒழுங்குக்கும் வார்ம்-அப்புக்கும் நல்லது. ஓட்ட வேகம் கூடும் என்று நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். ஏணியில் தரையை உதைக்கும் விசை குறைவு, எதிராளியும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் அதற்குக் கொடுக்க வேண்டாம்.

அடிப்பதற்குச் சற்று முன் ஒரு துள்ளல்

டென்னிஸிலும் பேட்மின்டனிலும் எதிராளி பந்தையோ இறகையோ அடிக்கப்போகும் கணத்தில், இவர் நின்ற இடத்திலேயே சின்னதாகத் துள்ளி, கால்களை அகட்டி இறங்குவார். இறங்கும்போது கால் தசை இழுபட்டு, எந்தப் பக்கமும் பாயத் தயாராக இருக்கும். அடுத்த ஆட்டத்தில் ராக்கெட்டைப் பார்க்காமல் காலைப் பாருங்கள்.

டயர் இழுக்கலாம், ஆனால்…

இடுப்பில் கயிறு கட்டி பழைய டயரை இழுத்து ஓடுவது நம் ஊர் மைதானங்களில் புதிதல்ல. வெளிநாட்டில் அதையே எடை ஏற்றிய சறுக்குப் பலகையில் செய்கிறார்கள். கிளம்பும்போது உடலை முன்சாய்த்துத் தரையைப் பின்னோக்கித் தள்ள இது அருமையாகக் கற்றுத் தருகிறது. உச்ச வேகத்துக்கு உதவாது. 10 முதல் 20 மீட்டர் இழுத்து, நன்கு ஓய்வெடுத்து, பிறகு கயிறில்லாமல் ஒரு ஓட்டம். மேடு கிடைத்தால் மேட்டில் ஏறி ஓடினாலும் அதே பலன்தான், செலவில்லை.

நீளம் தாண்டுபவரும் ஓட்டக்காரரே

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டரும் நீளம் தாண்டுதலும் வென்றார். கார்ல் லூயிஸ் 1984-இலும் 1988-இலும் அதே இரண்டில் தங்கம் பெற்றார். பலகையில் காலை வைக்கும்போது இருக்கும் வேகம்தான் தூரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்சில் 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். மணல்குழியருகே மட்டும் பழகிக்கொண்டிருந்தால் அந்தத் தூரம் வராது.

சத்தம் வந்து சேரும் நேரம்

எட்டுப் பாதைகளின் முதல் பாதைக்கும் எட்டாம் பாதைக்கும் இடையே சுமார் எட்டரை மீட்டர். துப்பாக்கிச் சத்தம் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.025 விநாடி ஆகும். அதனால் பெரிய போட்டிகளில் ஒவ்வொரு வீரருக்குப் பின்னாலும் ஒலிபெருக்கி வைக்கிறார்கள். சத்தம் கேட்டு 0.1 விநாடிக்குள் கால் தள்ளினால் தவறான தொடக்கம். கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பிவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். 2011 தேகு உலகப் போட்டியின் இறுதியில் முன்கூட்டியே கிளம்பி வெளியேற்றப்பட்டவர் போல்ட்.

ஸ்டார்ட்டிங் பிளாக் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1948-இல்தான். அதற்கு முன் ஓவன்ஸ் போன்றவர்கள் சிறு கரண்டியால் தாங்களே பாதையில் குழி தோண்டிக்கொண்டு ஓடினார்கள்.

நூறில் ஒரு பங்கு

1984 லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். பி.டி.உஷா 55.42, வெண்கலம் வென்ற ருமேனியாவின் கொஜோகாரு 55.41. முடிவுக்கோட்டில் தலையோ கையோ கணக்கில்லை, மார்புப் பகுதியே கணக்கு. கடைசி அடியில் மார்பை முன்னே சாய்ப்பதும் பழக வேண்டிய ஒன்று. அந்த 55.42 தேசிய சாதனையாக 39 ஆண்டுகள் நின்றது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோவையின் வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் அச்சு அசலாக அதே 55.42-ஐ ஓடி அதைச் சமன் செய்தார். இறுதியில் வெண்கலமும் வென்றார்.

ஒற்றைக் காலில் உயரம்

உயரம் தாண்டுதலில் எல்லோரும் ஒற்றைக் காலில்தான் கிளம்ப வேண்டும், அது விதி. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, சிறுவயது விபத்தில் வலது கால் பாதிக்கப்பட்டவர். ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்.

ஓடுவதற்கு முன் அசையாமல் இழுத்து நிற்காதீர்கள்

ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே ஓடினால் வெடிப்புத் திறன் சற்றுக் குறைகிறது. மெல்லோட்டம், முழங்கால் உயர்த்தி நடை, காலை வீசுதல், பக்கவாட்டு ஓட்டம், பிறகு படிப்படியாக வேகம் கூட்டிச் சில ஓட்டங்கள் என்று வார்ம்-அப் போகட்டும். இழுத்து நிற்பதைப் பயிற்சி முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

ஹாம்ஸ்ட்ரிங்கைக் காக்கும் ஒரு பயிற்சி

வேக ஓட்டக்காரரின் பெரும் பகை, தொடையின் பின்தசைக் காயம். கால் முன்னே வீசப்பட்டுத் தரையில் இறங்கும் தறுவாயில்தான் பெரும்பாலும் அது ‘சுரீர்’ என்று பிடிக்கும். அதைத் தடுக்க உபகரணமே வேண்டாத பயிற்சி உண்டு. ஒருவர் முட்டி போட்டு நிற்க, இன்னொருவர் பின்னால் அமர்ந்து அவருடைய கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டும். முன்னவர் முழங்காலிலிருந்து தலைவரை நேராக வைத்து, முடிந்தவரை மெதுவாக முன்னே சாய வேண்டும். தாங்க முடியாதபோது கையை ஊன்றிக்கொள்ளலாம். நார்டிக் பயிற்சி என்பார்கள். இதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் வாரம் தொடை நன்றாக வலிக்கும். குறைவாகத் தொடங்குங்கள்.

பெண் பிள்ளைகளின் முழங்கால்

குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முழங்காலின் உள்நார் கிழிவது, ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றனவா என்று முன்னால் நின்று பாருங்கள். சாய்ந்தால் உயரக் குதிப்பதை நிறுத்திவிட்டு, மெத்தென்று இறங்கக் கற்றுக்கொடுங்கள்: முழங்கால் பாதத்தின் நேர்மேலே, இடுப்பு பின்னே, சத்தம் குறைவாக. இந்தப் பயிற்சி காயத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. கற்றுத்தர ஒரு வாரம்; விட்டுவிட்டால் அறுவை சிகிச்சையும் பல மாத ஓய்வும்.

தூக்கமும் பயிற்சியே

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 2011-இல் வெளியான முடிவு: அவர்களுடைய குறுந்தொலைவு ஓட்ட நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5-க்குக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், 11 பேர். ஆனாலும் விடியற்காலை பயிற்சி, பகலில் பள்ளி, மாலையில் மறுபடி பயிற்சி, இரவில் டியூஷன் என்று ஓடும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

ஜமைக்காவின் ரகசியம்

சுமார் 28 லட்சம் மக்கள் உள்ள தீவு. அங்கே 1910 முதல் பள்ளிகளுக்கிடையிலான தடகளப் போட்டி நடக்கிறது, ‘சாம்ப்ஸ்’ என்பார்கள். கிங்ஸ்டன் அரங்கம் நிரம்பி வழியும். பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதை ஒரு நாடே உட்கார்ந்து பார்க்கிறது. அங்கு பெயர் எடுத்தவர்கள் பலர் பழகியது புல்தரையில். செயற்கை டிராக் இல்லையே என்று ஏங்கும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

வாரத்தில் இரண்டு நாள், பிள்ளைகள் களைப்பதற்கு முன்பாகவே, வார்ம்-அப் முடிந்த கையோடு 20 மீட்டரை முழு வேகத்தில் ஐந்து முறை ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் இரண்டு நிமிடமாவது நடக்கவிடுங்கள். ஸ்டாப்வாட்ச்சில் நேரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் பெயர் போட்டு எழுதி வையுங்கள். மறுபடி ஓடச் சொல்லி விரட்டாதீர்கள். தண்டனைக்காக மைதானத்தைச் சுற்றி ஓடவைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.